சிகே ஒன்: இது யாருடைய வாசம்? மலைநாட்டுக் குளிரில் போடுகிறவர்கள் சொல்லுங்கள்

பீலிக்கரை (அட்டன்)

தோஹாவில் இருக்கும் தம்பி, லீவில் வந்த ஒருவரிடம் பார்சல் கொடுத்தனுப்பியிருந்தான். உள்ளே கெல்வின் கிளைன் கம்பனியின் 'சிகே ஒன்' செண்ட், 100 மில்லி போத்தல். கூடவே ஒரு துண்டுக் கடிதம்: "அக்கா, இது மச்சானுக்கும் உனக்கும் சேர்த்து." ஒரே போத்தலில் இரண்டு பேருக்குக் கணக்கை முடித்துவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தேன். தேடிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, அது ஆண், பெண் இருவருக்கும் என்றே செய்ததாம்.

அடித்துப் பார்த்தேன். முதல் ஐந்து நிமிடம் தேசிக்காய் இலையைக் கசக்கி மூக்கில் வைத்தது போல இருந்தது. பிறகு ஏலக்காய் மாதிரி ஒன்று எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிட்டது. அப்புறம் பூ என்றால் பூவும் இல்லை, சவர்க்காரம் என்றால் சவர்க்காரமும் இல்லை. பீலியில் குளித்துவிட்டு, வெயிலில் காய்ந்த துணியை எடுத்து உடுத்தும்போது ஒரு வாசம் வருமே, கிட்டத்தட்ட அதுதான். எனக்குப் பிடித்துவிட்டது.

வீட்டில் தீர்ப்பு வேறு. இவர் மோந்து பார்த்துவிட்டு, "சலூன்ல முகம் வழிச்சதும் தடவுவாங்களே, அது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மாமி குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "யாருக்குக் காய்ச்சல்?" என்று கேட்டார்.

நான் படிப்பிக்கப் போகிறவள். காலையில் பனிக்குள் இறங்கி நடக்க வேண்டும். இதைப் போட்டுக்கொண்டு போகலாமா? இது ஆம்பிளை வாசமா, பொம்பிளை வாசமா, மருந்து வாசமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மஸ்கெலியாப் பையன்

100 மில்லி அனுப்பும் தம்பி எனக்கும் ஒருத்தன் வேண்டும். எனக்கு இருப்பது என் சட்டையை எடுத்துப் போடும் தம்பி.

ஓயாத மழை (நுவரெலியா)

அக்கா, உங்கள் வீட்டுக்காரர் மூக்கைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு சலூன் ஞாபகம் வந்ததற்குக் காரணம் இருக்கிறது.

செண்ட் ஆட்கள் 'அரோமட்டிக்' என்று ஒரு வகையைப் பிரிப்பார்கள். லாவெண்டர், ரோஸ்மேரி, சேஜ், தைம், துளசி வகைகள் என்று இலை தழை மணம் முன்னால் நிற்பது. பூவின் இனிப்பும் இல்லை, சந்தனத்தின் கனமும் இல்லை. கசக்கினால் கை மணக்குமே, அந்த மணம். 1882இல் ஊபிகான் என்ற பிரெஞ்சுக் கம்பனி 'ஃபூஜேர் ரோயால்' என்று ஒன்றை வெளியிட்டது. லாவெண்டரோடு குமரின் என்ற செயற்கைப் பொருளைச் சேர்த்தது. குமரினின் வாசம் காய்ந்த புல் மாதிரி இருக்கும். அந்தக் கூட்டு பிறகு சவரச் சவர்க்காரத்துக்கும் ஆஃப்டர் ஷேவுக்கும் இறங்கிவந்து, நூறு வருடமாக ஆண்களின் கன்னத்திலேயே குடியிருக்கிறது. அதனால்தான் இலை மணம் என்றாலே நம் மூக்கு 'ஆம்பிளை' என்று சொல்லிவிடுகிறது.

ஆனால் 1889இல் கெர்லான் வெளியிட்ட 'ஜிக்கி'யும் லாவெண்டர்தான். அதில் வனிலா மணத்தையும் சேர்த்தார்கள். அதை ஆண்களும் போட்டார்கள், பெண்களும் போட்டார்கள். இன்றும் விற்பனையில் இருக்கிறது.

சிகே ஒன் வந்தது 1994இல். அல்பர்தோ மொரியாஸ், ஹாரி ஃப்ரெமோன்ட் என்ற இரண்டு பேர் செய்தது. முதலில் எழும்பும் மேல் வாசம் பெர்கமோட் (எலுமிச்சை இனத்துப் பழம்), எலுமிச்சை, ஏலக்காய். நடுவில் மெலிந்த மல்லிகை. கடைசிவரை நிற்கும் அடிவாசம் வெள்ளைக் கஸ்தூரி என்ற செயற்கை மணம். 80களில் செண்ட் என்றால் ஆள் வருவதற்கு முன் வாசம் வந்து கதவைத் தட்ட வேண்டும். அதற்கு எதிராக வந்ததுதான் இது. குரலை உயர்த்தாது. நீங்கள் சொன்ன 'காய்ந்த துணி' அதற்குச் சரியான வர்ணனை.

பள்ளிக்கூடத்துக்குத் தாராளமாகப் போடலாம். முதல் வாங்கில் இருக்கும் பிள்ளைக்குக்கூடத் தெரியாது.

கண்டி அத்தர்க்கடை

தங்கச்சி, நான் கண்டியில் அத்தர் விற்கிறவன். வாப்பா காலத்திலிருந்து இதே தொழில். ஒரு விஷயம் சொல்கிறேன். 'இருவருக்குமான செண்ட்' என்று வெள்ளைக்காரன் 1994இல் கண்டுபிடித்த மாதிரி பேசுகிறார்கள். உங்கள் கல்யாண வீட்டில் வாசலில் நின்று பன்னீர்ச் செம்பால் தெளிக்கிறவர்கள், மாப்பிள்ளை வீட்டு மாமாவுக்கு ஒன்று, மாமிக்கு வேறொன்று என்றா தெளிக்கிறார்கள்? சந்தனக் கிண்ணம் ஒன்றுதானே. எங்கள் பக்கத்திலும் ஊத் (அகில்) அத்தர் ஆணுக்கும் ஒன்றுதான், பெண்ணுக்கும் ஒன்றுதான். பிரித்து வைத்தது கடைத் தட்டுகள்.

இனி குளிர். இதைக் கவனமாகக் கேளுங்கள். வாசம் என்பது ஆவியாகிப் பறக்கிற பொருள். தோல் சூடாக இருந்தால் வேகமாகப் பறக்கும். கொழும்பில் ஒரு தரம் அடித்தால் அரைமணியில் எலுமிச்சை போய்விடும், ஆனால் இருக்கிறவரைக்கும் சத்தமாக இருக்கும். அட்டனில் அதே எலுமிச்சை கொஞ்சம் நின்று போகும், ஆனால் கிட்ட வந்தால்தான் தெரியும். ஆகவே மணிக்கட்டில் மட்டும் அடித்துவிட்டு "ஒன்றும் மணக்கவில்லையே" என்று இன்னும் நாலு தரம் அடிக்காதீர்கள். பஸ்ஸுக்குள் ஏறி உடம்பு சூடானதும் நாலும் சேர்ந்து எழும்பும். பக்கத்துச் சீட்டுக்காரர் பாவம்.

கழுத்துக்குக் கீழே ஒன்று, ஸ்வெட்டருக்கு உள்பக்கம் ஒன்று. கம்பளி வாசத்தை நன்றாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெள்ளைச் சேலையில் நேராக அடிக்க வேண்டாம், கறை விழலாம்.

மஸ்கெலியாப் பையன்

நானா, அசலா கொப்பியா என்று எப்படிப் பார்ப்பது? ஒரு டவுனில் ஒரு கடையில் வாங்கினேன். கடை பேர் வேண்டாம். முதல் நாள் அன்னாசி, இரண்டாம் நாள் ஸ்பிரிட், மூன்றாம் நாள் ஒன்றுமே இல்லை.

கண்டி அத்தர்க்கடை

தம்பி, அன்னாசி சிகே ஒன்னில் உள்ளதுதான். அதை மட்டும் வைத்துக் கொப்பி என்று சொல்ல முடியாது. மேல் வாசத்தைக் கொப்பியடிப்பது லேசு. அடிவாசத்துக்குத்தான் காசு செலவாகும். ஆகவே கடையில் மூடியை மோந்து தீர்மானிக்காதீர்கள். துணியில் ஒரு தரம் அடித்துவிட்டு டீ குடித்துவிட்டு வாருங்கள். வந்து பார்க்கும்போது ஸ்பிரிட் மட்டும் நின்றால் விட்டுவிடுங்கள்.

டீமேக்கர் (பதுளை)

ஓயாத மழை சொன்னதில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. சிகே ஒன்னின் வாசப் பட்டியலில் கிரீன் டீயையும் எழுதியிருப்பார்கள். அதைப் பார்த்ததும் நம் ஆட்கள் சிலருக்கு ஒரு பெருமை வருகிறது. எனக்குச் சிரிப்பு வருகிறது. நான் தேயிலை ஸ்டோரில் (தொழிற்சாலையில்) பதினெட்டு வருடம்.

செண்டில் 'டீ' வந்த கதை இது. ஜான் குளோட் எலெனா என்ற பிரெஞ்சுக்காரர் 90களின் தொடக்கத்தில் புல்கரி என்ற நகைக் கம்பனிக்காகச் செய்தது முதல் பெரிய தேயிலைச் செண்ட். அவர் அந்த மணத்தைக் கட்டியது இரண்டு பொருளை அடிப்படையாக வைத்து. ஒன்று ஹெடியோன். மல்லிகையின் கனத்தை எடுத்துவிட்டு அதன் காற்றை மட்டும் விட்டால் எப்படி இருக்குமோ அப்படி. 1966இல் டியோர் வெளியிட்ட 'ஓ சவாஜ்' மூலம் பிரபலமானது. மற்றது அயனோன், வயலட் பூவின் வாசம். இரண்டையும் சேர்த்து மேலே பெர்கமோட்டை விட்டால் ஒரு கோப்பைத் தேநீரின் ஆவி மூக்குக்கு வருகிறது. தேயிலையைப் பிழிந்து எடுத்ததல்ல.

ஆனால் ஏமாற்று என்றும் சொல்ல மாட்டேன். அயனோன் நாங்கள் செய்யும் கறுப்புத் தேயிலையிலும் இருக்கிறது. இலையில் உள்ள கரோட்டின் என்ற நிறப்பொருள் உடையும்போது உண்டாகிறது. லாவெண்டரில் முக்கியமான வாசப்பொருள் லினலூல், அதுவும் தேயிலையில் உண்டு, கொத்தமல்லி விதையில் உண்டு. மனிதன் கெட்டிக்காரன், நுனியைப் பிடித்திருக்கிறான்.

என் குறை வேறு. அவர் பிடித்தது கோப்பை. மலையை அல்ல. கொழுந்து வாட்டும் மேல்மாடிக்கு இரவு இரண்டு மணிக்கு வந்து நின்று பாருங்கள். முதலில் பச்சை, வெட்டின புல் மாதிரி. விடியப் போகும்போது அது ஆப்பிளாகி, பிறகு ஏதோ பூவாகிவிடும். உருட்டி, பரப்பி வைத்த பிறகு வருவது இன்னொன்று. அதை எந்தப் போத்தலிலும் நான் கண்டதில்லை.

ஓயாத மழை (நுவரெலியா)

அண்ணே, ஊவா டீ வேறு மாதிரி மணக்கும் என்கிறார்களே, அதைப் பற்றியும் சொல்லுங்கள்.

டீமேக்கர் (பதுளை)

யூலை தொடங்கி செப்டெம்பர் வரை. தென்மேற்குக் காற்று ஈரத்தையெல்லாம் உங்கள் பக்கத்துச் சரிவில் கொட்டிவிட்டு, காய்ந்த காற்றாக எங்கள் பக்கம் இறங்கும். செடிக்கு அது கஷ்டகாலம். அந்தக் கஷ்டத்தில் இலையில் மெதைல் சலிசிலேட் என்ற பொருள் கூடும். குடித்தால் தொண்டையில் ஒரு குளிர்ச்சி, கிட்டத்தட்ட மிண்ட் மாதிரி. உலகச் சந்தையில் ஊவாவுக்கு அந்த மாதங்களில் தனி விலை.

இப்போது வேடிக்கையைக் கேளுங்கள். மூட்டு வலிக்குத் தடவும் தைலங்களில் இருக்கும் அந்தக் காரமான மணமும் அதே மெதைல் சலிசிலேட்தான். வெளிநாட்டு ருசி பார்ப்பவர் ஊவா டீயை மோந்து "ஆகா" என்கிறார். என் அம்மா அதே கோப்பையை மோந்துவிட்டு, "என்னடா, தைலம் பட்ட கையால ஊத்தினியா?" என்று கேட்டார்.

லயத்துப் பேத்தி (தலவாக்கலை, இப்போது கொழும்பு)

நான் கொஞ்சம் கோபமாகத்தான் எழுதப் போகிறேன்.

இந்த மாதிரி செண்டுகளை வர்ணிக்கும்போது எல்லோரும் ஒரே பாட்டைப் பாடுகிறார்கள். பனி மூடிய தேயிலை மலை, அமைதி, தியானம், புத்துணர்ச்சி. நான் கொழும்பில் ஒரு பெரிய கடையில் வேலை செய்தபோது இதே வசனத்தைச் சொல்லித்தான் விற்கச் சொன்னார்கள். சொன்னேன். விற்றேன்.

என் அம்மாச்சி நாற்பது வருடம் கொழுந்தெடுத்தவர். மாலையில் மலையிலிருந்து இறங்கி வரும்போது அவரிடம் என்ன வாசம் வரும் தெரியுமா? இடுப்பில் கட்டும் நனைந்த படங்கு. கூடையின் தலைக்கயிறு பதிந்த இடத்தில் வியர்வையும் தேங்காயெண்ணெயும். விரல் இடுக்கில் பச்சைக் கறை, அதில் ஒரு கசப்பு. அட்டை கடிக்காமல் காலில் தடவிய சவர்க்காரம், வெற்றிலை. அமைதி எல்லாம் இல்லை. இடுப்பு வலிதான்.

அந்த மலைதான் இப்போது போத்தலில் 'அமைதி' என்று வருகிறது. யாருடைய அமைதி?

டீமேக்கர் (பதுளை)

தங்கச்சி சொல்வதில் பிழை இல்லை. ஆனால் ஒரே ஒரு சொல். படங்கும் வெற்றிலையும் மட்டும்தானா? உங்கள் அம்மாச்சி தலையில் ஒரு நாளும் பூ வைக்கவில்லையா? திருவிழாவுக்குப் பவுடர் போடவில்லையா? வேலை நேரத்து வாசத்தை மட்டும் அவருடைய வாசம் என்று எழுதிவிட்டால், அதுவும் தோட்டத்துத் தொரை பார்வை மாதிரிதான் எனக்குப் படுகிறது.

லயத்துப் பேத்தி (தலவாக்கலை, இப்போது கொழும்பு)

இதற்கு உடனே பதில் எழுத வந்து, எழுத முடியாமல் ஒரு நாள் விட்டுவிட்டேன்.

வைத்தார். மரிக்கொழுந்து. லயத்துக் காம்பராவுக்கு (வீட்டுக்கு) முன்னால் பழைய தகர டின்னில் வளர்த்தார். தேர் நாளில் ஒரு கொத்து கொண்டையில் சொருகுவார். தாத்தா அதிலேயே ஒரு இலையைக் கிள்ளிக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொள்வார். இரண்டு பேருக்கும் ஒரே செடி.

கோபம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் விளம்பர வசனத்தின் மீது. வாசத்தின் மீது அல்ல.

ஓயாத மழை (நுவரெலியா)

மரிக்கொழுந்து! இழையின் தலைப்புக்கு இதைவிடப் பொருத்தமான செடி கிடையாது. அதன் எண்ணெயை 'தவனா' என்ற பெயரில் பெரிய செண்டுக் கம்பனிகளும் வாங்குகின்றன. இலை மணம், கொஞ்சம் பழத்தின் இனிப்பு, கொஞ்சம் கசப்பு. ஒவ்வொருவர் தோலில் ஒவ்வொரு மாதிரி மணக்கும் என்று அதற்கு ஒரு பேர் உண்டு. தாத்தா காதில் ஒன்று, அம்மாச்சி கொண்டையில் வேறொன்று.

பனிக்குள் ஒருவன் (டொரொண்டோ, ஊர் நோர்வூட்)

இங்கே நிறைய ஆபீஸ்களில் செண்ட் போட்டுக்கொண்டு வரவே கூடாது. சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருக்கும். அதனால் நான் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போடும் ஆள்.

நான் போடுவது யூக்கலிப்டஸ் கலந்த ஒன்று. பெயர் சொன்னால் விளம்பரமாகிவிடும். அதைப் போட்டதும் என் கனேடிய நண்பன் "நீராவிக் குளியல் அறை மாதிரி இருக்கிறது, சுகமாக இருக்கிறது" என்றான். எனக்கு அதில் வருவது எங்கள் தோட்டத்து டர்பன்டைன் மரக் காடு (யூக்கலிப்டஸை ஊரில் அப்படித்தான் சொல்வோம்). விறகு பொறுக்கப் போன காடு. காவல்காரர் சத்தம் கேட்டால் கட்டைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். ஆகவே அவனுக்கு அது ஓய்வு, எனக்கு இன்றும் நெஞ்சு கொஞ்சம் வேகமாக அடிக்கும். இருந்தாலும் போடுகிறேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

பீலிக்கரை (அட்டன்)

எல்லோருக்கும் நன்றி. நான் கேட்டது ஒன்று, நீங்கள் எங்கெங்கோ கூட்டிக்கொண்டு போய்விட்டீர்கள். பரவாயில்லை.

மாமி ஏன் காய்ச்சல் என்று கேட்டார் என்பது நேற்றுத்தான் விளங்கியது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டேன். "அது ஓடிக்கொலோன் வாசம்டி" என்றார். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால், தோட்டத்து டிஸ்பென்சரியில் வேலை செய்த அவருடைய பெரியப்பா ஒரு சின்னப் போத்தல் கொண்டுவருவாராம். துணியை நனைத்து நெற்றியில் போடுவார்கள். அந்தக் குளிர்ச்சியும் அந்த எலுமிச்சையும் அவருக்கு ஒன்றாகவே பதிந்துவிட்டது. என் போத்தலைத் திறந்ததும் அவருக்கு வந்தது செண்ட் இல்லை, நெற்றியில் ஈரத் துணி.

இன்னொன்று. ஒரு மணித்தியாலத்தில் வாசம் போய்விடுகிறது என்று இவர் சொல்கிறார். மாமியோ, நான் மாலையில் வீட்டுக்கு வரும்போதும் மணக்கிறது என்கிறார். யாரை நம்புவது?

ஓயாத மழை (நுவரெலியா)

இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள் அக்கா. அடியில் நிற்பது செயற்கைக் கஸ்தூரிகள். அவற்றின் மூலக்கூறு பெரியது. சில பேருக்கு அவற்றில் சில மூக்கில் ஏறவே ஏறாது. அது ஒரு வியாதி அல்ல, பிறவியிலேயே அப்படி. மாமியின் மூக்கு பிடிக்கிறது, அண்ணனுடையது பிடிக்கவில்லை.

மாமி சொன்ன ஓடிக்கொலோனும் இதே குடும்பம்தான். ஒரு வகையில் சிகே ஒன்னுக்குப் பாட்டன். ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் ஃபரீனா என்ற இத்தாலியர் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்தது. அவருடைய குடும்பத்தின் கடை 1709இல் தொடங்கியது. பெர்கமோட், எலுமிச்சை, ஆரஞ்சு. தன் ஊரில் மழை பெய்து ஓய்ந்த வசந்தகாலக் காலையை நினைவுபடுத்துவதாக அவர் எழுதிவைத்தார். நெப்போலியன் அதைக் குடம் குடமாகச் செலவழித்தவர். அதையும் ஆண், பெண் இருவரும்தான் போட்டார்கள். அந்தத் தண்ணீர் கப்பலேறி நம் மலைக்கு வந்தபோது காய்ச்சல் மருந்தாகிவிட்டது. அவ்வளவுதான்.

கண்டி அத்தர்க்கடை

என் கடைக்கு வரும் வயதானவர்கள் இன்றும் ஓடிக்கொலோன் கேட்பார்கள். செண்டாக அல்ல. ஆஸ்பத்திரியில் இருக்கிறவரைப் பார்க்கப் போகும்போது கையோடு கொண்டுபோக.

மஸ்கெலியாப் பையன்

டீமேக்கர் அண்ணே, நீங்கள் என்ன போடுவீர்கள்? இவ்வளவு தெரிந்த ஆள், அலுமாரி நிறைய இருக்குமே.

டீமேக்கர் (பதுளை)

ஒன்றும் போடுவதில்லை தம்பி. தேயிலை பக்கத்தில் உள்ள எந்த வாசத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். மீன் கருவாட்டோடு ஒரே அலுமாரியில் வைத்துப் பாருங்கள் தெரியும். அதனால் ஸ்டோருக்குள் செண்ட் கிடையாது. ருசி பார்க்கிற அறையில் கேட்கவே வேண்டாம். வேலை நாளில் வாசமுள்ள சவர்க்காரம்கூட நான் தொடமாட்டேன். மனைவி போடுவதை மோந்து பார்ப்பேன். அவருக்கு அது பழகிவிட்டது. "மோந்து முடிஞ்சுதா, நான் போகலாமா?" என்று கேட்பார்.

ஓய்வு பெற்றதும் முதல் நாள் ஒன்று போட வேண்டும் என்று ஒரு ஆசை. பூ வேண்டாம், சந்தனம் வேண்டாம். உங்கள் சிகே ஒன் மாதிரி ஏதாவது. பதினெட்டு வருடம் சும்மா இருந்த உடம்பில் கனமாக எதையும் ஏற்றக்கூடாது.

லயத்துப் பேத்தி (தலவாக்கலை, இப்போது கொழும்பு)

அண்ணே, மரிக்கொழுந்துச் செடி ஒன்று அனுப்புகிறேன். டின்னோடு.

பீலிக்கரை (அட்டன்)

இரண்டு கிழமை கழித்து எழுதுகிறேன். கேட்டவர்களுக்கு நடந்ததைச் சொல்ல வேண்டுமல்லவா.

பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போனேன். பிள்ளைகள் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்து வகுப்பு ஆசிரியை மட்டும், "தலைக்கு என்ன ஷாம்பூ டீச்சர்?" என்று கேட்டார். அதுவே எனக்குப் போதும். மழை நாளில் நன்றாக இருக்கிறது. வெயில் எறித்தால் எலுமிச்சை சீக்கிரம் ஓடிவிடுகிறது, நானா சொன்ன மாதிரியே. இவர் இன்னும் சலூன் என்றே சொல்கிறார்.

ஆனால் முந்தாநாள் மாமியைக் கண் கிளினிக்குக்குக் கண்டிக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. அவருக்கு பஸ் ஒத்துக்கொள்ளாது. வட்டவளை தாண்டும்போதே தலையைச் சுற்றும், வாந்தி வரும். விடியற்காலை நாலரைக்கு என்னை எழுப்பி, கைக்குட்டையை நீட்டினார். "அந்தக் காய்ச்சத் தண்ணியில ரெண்டு சொட்டு விடு" என்றார். அடித்துக் கொடுத்தேன். கண்டி வரைக்கும் மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுக்கவில்லை. வாந்தியும் எடுக்கவில்லை. பின் சீட்டில் இருந்த ஒரு ஐயா எட்டிப் பார்த்து, "என்ன செண்ட் அம்மா, நல்லாருக்கே?" என்று கேட்டார். மாமி திரும்பிக்கூடப் பார்க்காமல், "செண்ட் இல்ல, மருந்து" என்றார்.

டீமேக்கர் (பதுளை)

அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது கினிகத்தேனை வளைவு தொடங்குவதற்கு முன்னால் இன்னொரு தரம் அடித்துக் கொடுங்கள். அதற்குள் எலுமிச்சை போயிருக்கும்.